பழைய கட்டிலையும் அலமாரியையும் வெளியில் வைக்க எதுவாக மாற்றலாம்? பெஞ்ச், செடிப்பெட்டி, ஊஞ்சல், வேலை மேசை: ஓர் ஒப்பீடு

வீட்டுக்குள் ஒரு பழைய கட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். இல்லையென்றால் இழுப்பறை சரியாக மூடாத ஓர் அலமாரி, ஒரு கால் ஆடுகிற மேசை. தூக்கிப்போட மனம் வராது, வைத்துக்கொள்ளவும் இடம் இருக்காது. அப்போதுதான் இதை வெளியில் வைக்கிற மாதிரி வேறு ஏதாவது செய்தால் என்ன என்று தோன்றும்.

இந்த யோசனையோடு என்னிடம் கேட்பவர்கள் அநேகமாக நான்கு வழிகளுக்கு நடுவில் நிற்கிறார்கள். உட்காரும் பெஞ்ச் செய்வதா, செடி வைக்கும் பெட்டியாக்குவதா, ஊஞ்சலாகத் தொங்கவிடுவதா, தோட்ட வேலைக்கு மேசையாக வைத்துக்கொள்வதா? படத்தில் பார்த்தால் நான்குமே அழகுதான். ஆனால் அந்தப் படங்கள் வேலை முடிந்த அன்றைக்கு எடுத்தவை. இரண்டு மழைக்காலம் கழித்து அதே பொருள் எப்படி இருக்கிறது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது. அந்தக் கண்ணோடுதான் இந்த நான்கையும் இங்கே பார்க்கப்போகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டியான மரத்தில் செய்த கட்டில் உங்களிடம் இருந்தால் பெஞ்ச்தான் அதற்கு ஏற்றது. எல்லோரும் முதலில் கை வைக்கிற செடிப்பெட்டி, செய்வதற்குச் சுலபம்; ஆனால் நான்கிலும் சீக்கிரம் வீணாவது அதுதான்.

## எதை வைத்து முடிவெடுப்பது

என்ன பொருளால் ஆனது. மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள். பெயின்டும் பாலிஷும் போட்ட முகப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். கட்டிலைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள், இழுப்பறையை வெளியே எடுத்து அதன் பின்பக்கத்தையும் ஸ்க்ரூ போட்ட ஓட்டைகளையும் பாருங்கள். மேலே மரம் மாதிரி ஒரு மெல்லிய தாள், உள்ளே பொடிப்பொடியாகச் சிராய்கள் ஒட்டி அழுத்தியது தெரிந்தால் அது துகள் பலகை. துகள் இல்லாமல் அட்டை போல வழவழப்பாக இருந்தால் எம்.டி.எஃப். இரண்டும் தண்ணீர் பட்டதும் ஊதும். ஒருமுறை ஊதினால் காய்ந்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாது. ஸ்க்ரூவும் பிடிப்பை விட்டுவிடும். எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் இவற்றைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மரமாகவே இருந்தாலும் எல்லா மரமும் ஒன்றல்ல. தேக்கு, ஈட்டி போன்றவற்றின் வைரம் பாய்ந்த பகுதி மழையைத் தாங்கும். அதே தேக்கின் வெளிர் நிறமான ஓரப்பகுதி தாங்காது. எந்த மரமானாலும் வெள்ளைப் பகுதிக்கு இயற்கையான பாதுகாப்பு கிடையாது. "இது தேக்குக் கட்டில், ஒன்றும் ஆகாது" என்று சொல்லும் முன் ஒவ்வொரு சட்டத்திலும் எவ்வளவு வைரம், எவ்வளவு வெள்ளை என்று பாருங்கள். ரப்பர் மரம், மாமரம், பைன் ஆகியவை வீட்டுக்குள் நன்றாக உழைக்கும். நனைகிற இடத்தில் சீக்கிரம் போய்விடும். பிரம்பு கூரைக்குக் கீழே மட்டும்தான்.

சிறுசிறு வட்ட ஓட்டைகளும், கீழே மாவு மாதிரித் தூளும் தெரிந்தால் உள்ளே வண்டு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்த உளுத்த துண்டை ஒதுக்காமல் எதையும் தொடங்காதீர்கள்.

தண்ணீர் எங்கே தங்கும். என்னைக் கேட்டால் முக்கால்வாசி முடிவு இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. மரத்தை மக்க வைப்பது பூஞ்சை. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சையால் அதில் வளர முடியாது. 30 சதவீதத்தை ஒட்டிப்போய் அங்கேயே நாள்கணக்கில் நின்றால்தான் மக்கத் தொடங்கும். அதனால் மழையில் நனைந்தால் போச்சு என்று பயப்பட வேண்டியதில்லை. நனைந்த மரம் காற்றோட்டத்தில் சீக்கிரம் காய்ந்துவிட்டால் அது பல வருடம் நிற்கும்.

ஆபத்து இருப்பது ஈரம் காயாத இடங்களில். மரம் என்பது மெல்லிய குழல்களைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்த மாதிரி. பலகையின் பக்கத்தில் படுகிற தண்ணீர் வழிந்துவிடும். அறுத்த முனையில் படுகிற தண்ணீரோ குழல்களுக்குள் ஏறிவிடும், பக்கவாட்டில் இறங்குவதைவிடப் பல மடங்கு வேகமாக. கட்டில் காலின் அடி, கழுந்தும் (துளைக்குள் செருகும் முனை) துளையும் சேருகிற மூட்டு, ஒரு பலகைமேல் இன்னொரு பலகை படிகிற இடம் என்று எல்லா வெளிப்புற மரச் சாமானும் இற்றுப்போகத் தொடங்குவது இந்த மூன்று இடங்களில்தான்.

பாரம் எந்தத் திசையில் வரும். கட்டிலும் நாற்காலியும் பாரத்தைக் கீழ்நோக்கித் தரைக்கு அனுப்புகிற மாதிரி செய்யப்பட்டவை. நாம் அதை வேறு பொருளாக்கும்போது பாரம் வேறு பக்கம் இழுக்கும். பெஞ்சில் இந்த மாற்றம் குறைவு, ஊஞ்சலில் மிக அதிகம்.

பழைய பூச்சில் ஈயம் இருக்கிறதா. பழைய பெயின்டுகளில் ஈயம் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டுகளில் அது தடை செய்யப்பட்டதே 1978-இல்தான். பல நாடுகளில் கட்டுப்பாடு அதற்கு வெகுகாலம் கழித்து வந்தது. ஈயத்தில் இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவு எதுவும் கண்டறியப்படவில்லை. அதிகமாகப் பாதிக்கப்படுவது சின்னக் குழந்தைகள். பெயின்ட் அடித்த பழைய சாமான், அதன் வயது தெரியாது என்றால் சோதனைப் பெட்டி வாங்கிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், சூடாக்கி உரிக்கவும் வேண்டாம். தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, வழிவதைத் துணியால் எடுத்து மூடிக்கட்டி அப்புறப்படுத்த வேண்டும். தூசிக்கான முகக்கவசம் கட்டாயம். சாதாரணத் துணி முகக்கவசம் போதாது.

வருடா வருடம் என்ன வேலை கேட்கும். முதல் செலவை எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். அடுத்தடுத்த வருடங்களில் நாம் கொடுக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

## ஒரே பார்வையில்

| | பெஞ்ச் | செடிப்பெட்டி | ஊஞ்சல் | வேலை மேசை |
|---|---|---|---|---|
| ஏற்ற பழைய சாமான் | மரக்கட்டில், இரும்புக் கட்டில் | கெட்டி மர இழுப்பறை, பழைய பெட்டி | உறுதியான சின்னக் கட்டில், கைவைத்த நாற்காலி | படிப்பு மேசை, சாப்பாட்டு மேசை |
| மழையில் நிற்குமா | நல்ல மரமென்றால் நிற்கும் | உள்ளிருந்தே நனைவதால் சீக்கிரம் போகும் | கூரை வேண்டும் | கூரை வேண்டும், அல்லது மேல்பலகையை மாற்ற வேண்டும் |
| முதல் வேலை | இரண்டு மூன்று நாள் | அரை நாள் | பெஞ்சைவிட அதிகம் | ஒரு நாள் |
| கணக்கில் வராத செலவு | மெத்தை, துருப்பிடிக்காத ஸ்க்ரூ | உள் உறை, நல்ல மண் கலவை, தாங்கும் அடிப்பலகை | தாங்கும் உத்தரம், தரமான சங்கிலி, போல்ட் | புதிய மேல்பரப்பு |
| தொடர் வேலை | பூச்சு, கால் அடி | அடிப்பலகை, தேங்கும் தண்ணீர் | கொக்கி, சங்கிலி, மூட்டுச் சோதனை | மிகக் குறைவு |
| தவறினால் என்ன ஆகும் | பலகை ஒன்று போகும் | பெட்டி கழன்று மண் கொட்டும் | ஆளே விழுவார் | கறை படியும் |

கடைசி வரிசையை இன்னொரு முறை படியுங்கள். ஊஞ்சலை மற்ற மூன்றோடு சமமாக வைத்து நினைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் அதில் இருக்கிறது.

## பெஞ்ச்

ஒற்றைக் கட்டிலைப் பெஞ்சாக்குவது எனக்குப் பிடித்த வேலை. தேவையான எல்லாத் துண்டுகளும் கட்டிலிலேயே இருக்கின்றன. நீளவாட்டில் இருக்கும் பக்கச் சட்டங்களைத் தலைமாட்டுப் பலகையின் அகலத்துக்கு வெட்டினால் அவையே உட்காரும் சட்டகத்தின் முன்னும் பின்னும் ஆகும். தலைமாட்டுப் பலகை அப்படியே முதுகுச் சாய்வு. கால்மாட்டுப் பலகையை நடுவில் இரண்டாக அறுத்தால் இரண்டு பக்கக் கைகளும் கிடைத்துவிடும். கட்டிலின் அகலம் 90 செ.மீ. என்றால் கால்மாட்டின் பாதி 45 செ.மீ.; வசதியாக உட்கார இருக்கைக்குத் தேவையான ஆழமும் ஏறக்குறைய அதுதான். இருக்கையின் உயரம் தரையிலிருந்து 43 முதல் 45 செ.மீ. வரை இருக்கட்டும். மெத்தை போடப்போகிறீர்கள் என்றால் அதன் தடிமனைக் கழித்துக்கொள்ளுங்கள்.

தலைமாடு நேராக நிற்பதால் முதுகு சாய்வாக இருக்காது. இதை நிறையப் பேர் செய்து முடித்து உட்கார்ந்த பிறகுதான் உணர்கிறார்கள். இருக்கையின் பின்பக்கத்தை முன்பக்கத்தைவிட இரண்டு செ.மீ. தாழ்த்தி வையுங்கள், உடம்பு தானாகப் பின்னால் சாயும். அப்போது மழைத் தண்ணீரும் பின்னால் ஓடும். அது தலைமாட்டுப் பலகையின் அடியில் போய் முட்டி நிற்காமல் இருக்க, இருக்கைக்கும் முதுகுப் பலகைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.

இருக்கைக்கு முழுப் பலகை போடவே போடாதீர்கள். பட்டைப் பட்டையாகப் போட்டு நடுவில் 6 முதல் 8 மி.மீ. விடுங்கள். மரம் ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கும். அதற்கும் இந்த இடைவெளி வேண்டும். கட்டிலில் முன்பு பிளைவுட் போட்டிருந்தால் அதையே இருக்கையாக வைக்கலாம் என்று ஆசை வரும். வேண்டாம். தண்ணீருக்கு அசையாத பசை போட்ட உயர்தர பிளைவுட்டில்கூட பசைக்குத்தான் தாக்குப்பிடிக்கும் தன்மை இருக்கிறது. மரம் மரம்தான், ஓரங்கள் வழியாக ஈரம் ஏறும்.

மூட்டுகளுக்கு வீட்டுக்குள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையை நம்ப வேண்டாம், ஈரத்தில் இளகிவிடும். எபாக்ஸி அல்லது பாலியூரிதேன் பசை போடுங்கள். ஸ்க்ரூ துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். சாதாரண இரும்பு ஸ்க்ரூ துருப்பிடிப்பதோடு விடாது. தேக்கு போன்ற மரங்களில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து சுற்றிலும் கறுப்புக் கறை படர விடும். அந்தக் கறை போகவே போகாது என்று சொல்லமாட்டேன். ஆக்சாலிக் அமிலம் போட்டு எடுக்கலாம். ஆனால் அந்த வேலை வேண்டாமே. கடற்காற்று படுகிற இடமென்றால் 316 தர எஃகு வாங்குங்கள், 304 தர எஃகு அங்கே புள்ளிபுள்ளியாகத் துருவாகும்.

கால்களின் அடிதான் பெஞ்சின் உயிர். அறுத்த முனை நேராகத் தரையில் நிற்பதால் தரை ஈரத்தை நாள்முழுக்க உறிஞ்சிக்கொண்டிருக்கும். அடியைச் சுத்தமாகக் காயவிட்டு, மெல்லிய எபாக்ஸியை அது குடிக்கிறவரை தடவி, ரப்பர் அல்லது பிளாஸ்டிக் குமிழ் அடித்துத் தரையிலிருந்து ஒரு செ.மீ.யாவது தூக்கி நிறுத்துங்கள். மண்தரை என்றால் கீழே கல்லோ செங்கலோ வைத்தே ஆக வேண்டும். கரையான் ஏறிவருவது மண்ணைத் தொடும் காலில்தான்.

இரும்புக் கட்டிலிலும் இதையெல்லாம் செய்யலாம். அதில் கவனிக்க வேண்டியது ஒன்று: குழாய்கள் வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளுக்குள் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும். குழாயின் மேல்வாயை அடைத்து, ஒவ்வொரு காலின் கீழும் 5 மி.மீ. ஓட்டை ஒன்று போட்டால் உள்ளே போன தண்ணீர் வெளியேறிவிடும். அப்புறம், நேர் வெயிலில் கருநிற இரும்பு தொட முடியாத அளவுக்குச் சுடும். குழந்தைகள் உட்காருகிற இடமென்றால் வெளிர் நிறம் அடியுங்கள், இருக்கைக்கு மரப்பட்டை போடுங்கள்.

பெஞ்சுக்குப் பின்னால் வருகிற செலவு மெத்தைதான். சாதாரண ஃபோம் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நாள்கணக்கில் மரத்தின்மேல் ஈரத்தை வைத்திருக்கும். இவ்வளவு யோசித்து விட்ட இடைவெளிகளெல்லாம் அதோடு வீண். மெத்தை வேண்டுமென்றால் உட்காரும்போது எடுத்துப்போட்டு எழும்போது உள்ளே கொண்டுபோகிற பழக்கம் வேண்டும். அது உங்கள் வீட்டில் நடக்காது என்று தெரிந்தால் மெத்தை இல்லாத பெஞ்சாகவே செய்யுங்கள்.

*பெஞ்ச் எப்போது சரி:* கெட்டி மரமோ நல்ல இரும்போ கையில் இருக்கிறது, தினமும் யாராவது உட்காரப்போகிறார்கள், இரண்டு மூன்று விடுமுறை நாள்களை ஒதுக்க முடியும். இரட்டைக் கட்டில் என்றால் நீளம் அதிகமாகும். நடுவில் ஐந்தாவது கால் கொடுக்காமல் விடாதீர்கள்.

## செடிப்பெட்டி

இழுப்பறைகளைப் படிக்கட்டு மாதிரி வெளியே இழுத்து வைத்து, ஒவ்வொன்றிலும் செடி தொங்குகிற அலமாரி. நானும் ஒன்று செய்தேன். முதல் வருடம் பார்த்தவர்களெல்லாம் நின்று பேசிவிட்டுப் போனார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் நடு இழுப்பறையின் அடிப்பலகை மண்ணோடு கீழே இறங்கிவிட்டது. அது ஏன் நடந்தது என்று பிரித்துப் பார்த்தபோதுதான் இந்த வழியின் உண்மையான கணக்கு எனக்குப் புரிந்தது.

80 செ.மீ. நீளம், 40 அகலம், 15 உயரம் உள்ள இழுப்பறை 48 லிட்டர் பிடிக்கும். நனைந்த தோட்ட மண் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. அப்படியானால் ஓர் இழுப்பறையில் 70 கிலோவுக்கு மேல். அதைத் தாங்குவது என்ன? துணி மடித்து வைப்பதற்காகப் பள்ளத்தில் சொருகிய மெல்லிய பிளைவுட் தட்டு. மூன்று இழுப்பறை என்றால் 200 கிலோவைத் தாண்டும். அதுவும் எல்லாம் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதால் அலமாரியே முன்னால் கவிழப் பார்க்கும். பால்கனியில் வைப்பதற்கு முன் அந்தத் தளம் இந்தப் பாரத்துக்கு ஏற்றதா என்று தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சுவரோடு சேர்த்து மாட்டுவதும் அவசியம்.

பாரத்தைக்கூட ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்துச் சமாளிக்கலாம். ஈரத்தைச் சமாளிப்பதுதான் கஷ்டம். பெஞ்ச் நனைந்தால் காயும். செடிப்பெட்டி காயவே கூடாது, காய்ந்தால் செடி போய்விடும். அதாவது மரம் மக்குவதற்கு என்ன நிலைமை வேண்டுமோ அதை நாமே தினமும் தண்ணீர் ஊற்றி உண்டாக்குகிறோம். உள்ளே பாலித்தீன் உறை போட்டால் வேகம் குறையும். ஆனால் வடிகால் ஓட்டை உறையிலும் இருந்தாக வேண்டும், அந்த ஓட்டை வழியாக ஈரம் அடிப்பலகைக்கு வந்தே தீரும்.

வடிகாலுக்காக அடியில் ஜல்லி போடும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண்ணிலிருந்து தண்ணீர் அவ்வளவு சுலபமாக ஜல்லிக்கு இறங்காது. மண்ணின் நுண்துளைகள் அதைப் பிடித்துவைக்கும். மண் முழுக்க நிறைந்த பிறகுதான் இறங்கும். ஆழம் குறைந்த இழுப்பறையில் ஜல்லி போட்டால் அந்தச் சொதசொதப்பான பகுதி வேருக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது, அவ்வளவுதான். ஜல்லியை விட்டுவிட்டு அடியில் 10 மி.மீ. ஓட்டைகளை 15 செ.மீ.க்கு ஒன்றாகப் போட்டு, மேலே வலைத் துணி விரித்தால் போதும்.

வழிகிற தண்ணீருக்குக் கீழே தட்டு வைப்பீர்கள். அந்தத் தட்டில் ஒரு வாரத்துக்கு மேல் தண்ணீர் நின்றால் கொசு முட்டை முழுக் கொசுவாகிப் பறந்துவிடும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இந்த அளவு தண்ணீரே தாராளம். வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்துத் தேய்ப்பதும் இந்த வழியின் செலவில் சேரும்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் அந்தப் பெட்டியில் கீரையும் காய்கறியும் வைக்கவே கூடாது. பூச்செடிக்குக்கூட உரிந்து விழும் பெயின்ட் மண்ணில் சேரும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, செடிப்பெட்டியே வேண்டாமா? வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். மண்ணை இழுப்பறைக்குள் கொட்டாமல், அளவான பிளாஸ்டிக் தொட்டிகளில் செடி வைத்து அந்தத் தொட்டிகளை இழுப்பறைக்குள் இறக்குங்கள். அடிப்பலகையை எடுத்துவிட்டு இரண்டு குறுக்குச் சட்டங்கள் அடித்தால் தொட்டிகள் அதன்மேல் நிற்கும், தண்ணீர் நேராகக் கீழே போய்விடும், சுற்றிலும் காற்று ஓடும். பாரமும் குறையும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. என்னுடைய அலமாரி இப்போது இந்த மாதிரிதான் நிற்கிறது.

*செடிப்பெட்டி எப்போது சரி:* கையில் இருக்கும் சாமான் பெஞ்சுக்கு உதவாது, அரை நாளுக்கு மேல் நேரமில்லை, இரண்டு வருடம் நின்றால் போதும் என்று தெளிவாகத் தெரிந்துகொண்டு இறங்குகிறீர்கள்.

## ஊஞ்சல்

ஊஞ்சல் மேல் ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆசைக்கு முன்னால் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். அசையாமல் தொங்கும்போது சங்கிலிகள் தாங்குவது ஆளின் எடையும் ஊஞ்சலின் எடையும் மட்டும். ஆடும்போது அப்படியில்லை. 45 டிகிரி வரை ஏறி இறங்கினால் கீழே வரும் நொடியில் இழுப்பு ஏறக்குறைய 1.6 மடங்காகும், 60 டிகிரி என்றால் சரியாக இரண்டு மடங்கு. 70 கிலோ எடையுள்ள இருவர், 30 கிலோ ஊஞ்சல், ஆக 170 கிலோ. 45 டிகிரியில் அது 270 கிலோ. யாராவது தொப்பென்று குதித்து உட்கார்ந்தால் அந்த நொடியில் இதைவிடவும் அதிகமாகும். அதனால்தான் கொக்கியும் சங்கிலியும் எதிர்பார்க்கும் எடையைப் போல நான்கைந்து மடங்கு தாங்கக்கூடியவையாக இருக்க வேண்டும்.

கட்டிலின் நான்கு மூலைகளில் கொக்கி மாட்டித் தொங்கவிடுவதுதான் படங்களில் காண்பது. இது தவறு. கட்டிலின் மூலை மூட்டு கீழ்நோக்கி அமுங்குவதற்குச் செய்தது, மேல்நோக்கி இழுபடுவதற்கு அல்ல. பழைய பசை விட்டுப்போயிருந்தால் ஒருநாள் சட்டம் மட்டும் கையோடு வரும். கட்டிலுக்கு அடியில் இரண்டு புதிய, கெட்டியான குறுக்குச் சட்டங்களைக் கொடுத்து, அவற்றின் முனைகளில் சங்கிலியைக் கட்டுங்கள். அப்போது கட்டில் அவற்றின்மேல் உட்கார்ந்திருக்கும், மூட்டுக்குப் பழைய வேலைதான். திருகி ஏற்றும் கொக்கி வேண்டாம். மரத்தை ஊடுருவி மறுபக்கம் வாஷரும் நட்டும் போட்டு முடுக்குகிற போல்ட்தான் வேண்டும்.

மேலே எதில் மாட்டுவது என்பது அடுத்த கேள்வி. கூரையில் ஏற்கெனவே இருக்கும் உத்தரம் இந்த ஆட்டத்துக்காகக் கட்டியதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கட்டடம் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். தனியாக இரும்புச் சட்டகம் செய்வதானால் அதன் செலவு ஊஞ்சல் முழுவதன் செலவைவிட அதிகமாகும் என்பதை முன்பே கணக்கில் வையுங்கள். மரக்கிளை யோசனையைக் கைவிடுங்கள், உள்ளே இற்றிருப்பது வெளியே தெரியாது.

வருடத்துக்கு இரண்டு முறையாவது கொக்கியும் சங்கிலியும் உரசுகிற இடத்தைப் பார்க்க வேண்டும். துரு வருவதற்கு முன்பே அங்கே தேய்மானம் வரும்.

*ஊஞ்சல் எப்போது சரி:* தாங்கும் உத்தரம் ஏற்கெனவே இருக்கிறது, மேலே கூரை இருக்கிறது, சோதித்துப் பார்க்கிற ஒழுங்கு உங்களிடம் இருக்கிறது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் பெஞ்ச் செய்யுங்கள்.

## வேலை மேசை

இதை யாரும் கேட்பதில்லை. ஆனால் பழைய படிப்பு மேசையோ சாப்பாட்டு மேசையோ இருந்தால் இதைவிடக் குறைந்த வேலையில் இவ்வளவு பயன் தருவது வேறு எதுவுமில்லை. தொட்டி மாற்றலாம், நாற்று வைக்கலாம், கருவிகளை இழுப்பறையில் போடலாம்.

சாதாரண மேசை 75 செ.மீ. உயரம், உட்கார்ந்து வேலை செய்வதற்கு. நின்று மண் கலக்க 85 முதல் 90 செ.மீ. வேண்டும், கால்களுக்குக் கீழே கட்டை கொடுத்து உயர்த்தாவிட்டால் ஒரு மணி நேரத்தில் இடுப்பு சொல்லிவிடும். கூரை இல்லாத இடமென்றால் மேல்பலகையை எடுத்துவிட்டு இடைவெளி விட்ட பட்டைகளையோ துத்தநாகம் பூசிய தகட்டையோ போடுங்கள். மேல்பலகை துகள் பலகையாக இருந்து கால்கள் மட்டும் மரமாக இருக்கும் மேசைகளுக்கு இது நல்ல கதி.

## பூச்சு: வார்னிஷா, எண்ணெயா, பெயின்டா

நான்கு வழிகளுக்கும் பொதுவான இந்த முடிவில்தான் நிறையப் பேர் பணத்தை இழக்கிறார்கள்.

மரத்தின் ரேகை தெரிய வேண்டும் என்று தெளிவான வார்னிஷ் அடிப்பவர்கள், ஒன்றிரண்டு வருடத்தில் அது தோல் உரிகிற மாதிரி உரிவதைப் பார்ப்பார்கள். வார்னிஷ் கெட்டது என்று நினைப்பார்கள். உண்மையில் புற ஊதாக் கதிர் வார்னிஷ் வழியே உள்ளே போய், மரநார்களைப் பிணைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. வார்னிஷ் பிடித்துக்கொண்டிருந்த மேல்தோல் போனதும் வார்னிஷும் அதோடு கழன்றுவிடுகிறது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் கலந்த வெளிப்புற வார்னிஷ் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அதையும் உரியத் தொடங்குவதற்கு முன்பே லேசாகத் தேய்த்து மறுபூச்சு போட வேண்டும். விட்டுவிட்டால் முழுவதையும் சுரண்டி எடுக்கிற வேலையாகிவிடும்.

எண்ணெய் உரியாது, அதுதான் அதன் பெரிய வசதி. மங்கினால் துடைத்துவிட்டு மறுபடி தடவலாம். ஆனால் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை தடவ வேண்டியிருக்கும். வெறும் ஆளிவிதை எண்ணெய் ஈரமான இடத்தில் கரும்பூசணத்துக்கு உணவாகும். இன்னொன்றை மறக்காமல் செய்யுங்கள்: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். துணியை ஒற்றையாக விரித்து வெளியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய மூடிபோட்ட தகரத்தில் போடுங்கள்.

பெயின்டில் இருக்கும் நிறமி வெயிலை மரத்துக்குப் போகவிடாது. வைரம் குறைந்த மரத்துக்கு பிரைமரும் இரண்டு கை வெளிப்புறப் பெயின்டும்தான் என் பரிந்துரை. அடிப்பக்கத்தையும் அறுத்த முனைகளையும் விடாமல் அடிக்க வேண்டும். மேலே மட்டும் அடித்தால் கீழே ஏறும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் பெயின்டைக் கொப்புளமாகத் தள்ளும்.

முழுக்க வைரமான தேக்கு என்றால் ஒன்றுமே அடிக்காமல் விடுங்கள். சில மாதங்களில் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வரும். அது மேல்தோலில் மட்டும் நடக்கும் மாற்றம், மரத்தின் பலம் குறையாது. வருடம் ஒருமுறை மென்மையான தூரிகையால் கழுவினால் போதும்.

## எதுவாகவும் ஆக்காமல் பிரித்து வைப்பது

சில சாமான்களில் பாதி நன்றாக இருக்கும், பாதி இற்றிருக்கும். அதை முழு உருவத்தோடு காப்பாற்றப் போராட வேண்டாம். பிரித்துவிடுங்கள். அந்தக் கட்டிலில் பிறந்து வளர்ந்தோம் என்கிற நினைப்பு இருந்தால் தலைமாட்டை மட்டும் எடுத்துச் சுவரோரம் மழைபடாத இடத்தில் கொடி படர நிறுத்தலாம். அந்தக் காலுக்கும் பெஞ்ச் காலுக்குச் சொன்னதே.

மீதியை ஆணியெல்லாம் பிடுங்கி, உளுத்ததை விலக்கி, நல்ல பலகைகளைத் தரையில் போடாமல் நடுநடுவே ஒரே தடிமனுள்ள குச்சிகள் வைத்துக் காற்றோட்டமாக அடுக்குங்கள். எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று பென்சிலால் அதன்மேலேயே எழுதிவிடுங்கள். பெஞ்சின் பட்டை ஒன்று விரிசல் விடும்போது அதே வயதும் அதே நிறமும் உள்ள துண்டு அங்கே இருக்கும்.